ஐம்பது ஆண்டு கழித்து ‘மாஸ்டர் ஆஃப் குங்ஃபூ’ படிக்கலாமா?

மேலோட்டமாகப் பார்த்தால் நீங்கள் கேட்டிருப்பது வாங்கலாமா, வேண்டாமா என்பதுதான். 2021-இல் வந்த ஷாங்-சி படம் பிடித்துப்போய், அதற்கு மூலமான 1970-களின் ‘மாஸ்டர் ஆஃப் குங்ஃபூ’ காமிக்ஸைத் தேடியிருக்கிறீர்கள். ஒருவர் இனவெறிக் குப்பை என்கிறார். இன்னொருவர் அந்தப் பத்தாண்டில் மார்வெல் வெளியிட்ட தொடர்களிலேயே இதுதான் உச்சம் என்கிறார். மூன்றாமவரோ அதில் வருவது குங்ஃபூவே இல்லை என்கிறார். யாரை நம்புவது என்று குழம்பி இங்கே கேட்டிருக்கிறீர்கள். நான் புரிந்துகொண்டவரை உங்கள் உள்ளூரக் கேள்வி வேறு: அடித்தளத்திலேயே கோளாறுள்ள ஒரு பழைய கதையை மனசாட்சி உறுத்தாமல் ரசிக்க முடியுமா? முடியும். ஆனால் அந்தக் கோளாறைப் பார்க்காததுபோல் தாண்டிப் போனால் கதையில் பாதி உங்கள் கைக்கு வராது. அது ஏன் என்பதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்லப்போகிறேன்.

முதலில் நான் எந்த இடத்திலிருந்து பேசுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். படக்கதை வரைவது என் தொழில், வரையச் சொல்லியும் கொடுக்கிறேன். சண்டைக் காட்சி வரையத் திணறும் மாணவர்களிடம் நான் எடுத்து நீட்டுவது பெரும்பாலும் இந்தத் தொடரின் பக்கங்களைத்தான். சீனத் தற்காப்புக் கலையை முறையாகப் பயின்றவன் இல்லை. ஆகவே எந்த உதை எந்த மரபைச் சேர்ந்தது என்ற விவாதத்தில் என் சொல்லுக்கு எடை கிடையாது. ஓர் உடல் தாளில் எப்படி அசைகிறது, எங்கே பொய்யாகிறது என்பதைப் பற்றி மட்டும் தயங்காமல் பேசுவேன்.

தொடர் பிறந்த கதையில் சில விஷயங்கள் சந்தேகத்துக்கு இடமில்லாதவை. 1972-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் டேவிட் கேரடீன் நடித்த ‘குங்ஃபூ’ தொடர் தொடங்கிப் பெரிய வரவேற்பைப் பெற்றது. எழுத்தாளர் ஸ்டீவ் எங்கல்ஹார்ட், ஓவியர் ஜிம் ஸ்டார்லின் இருவருக்கும் அதைக் காமிக்ஸாக்க ஆசை. ஆனால் அந்தத் தொடர் வார்னர் நிறுவனத்தின் சொத்து, வார்னரோ போட்டியாளரான டிசி காமிக்ஸின் உரிமையாளர். அந்தக் கதவு மூடிவிட்டது. மார்வெலிடம் அப்போது கையில் இருந்தது வேறொன்று: சாக்ஸ் ரோமர் என்ற ஆங்கில எழுத்தாளர் 1912 முதல் எழுதிவந்த ஃபூ மாஞ்சு கதைகளின் காமிக்ஸ் உரிமை. சரி, குங்ஃபூ வீரன் ஒருவனை உருவாக்கி அவனை ஃபூ மாஞ்சுவின் மகனாக்கிவிடுவோம் என்று முடிவாயிற்று. 1973 டிசம்பர் தேதியிட்ட ‘ஸ்பெஷல் மார்வெல் எடிஷன்’ 15-ஆம் இதழில் ஷாங்-சி அறிமுகமானான். அதுவரை பழைய கதைகளை மறுபதிப்புச் செய்துவந்த இதழ் அது. விலை 20 சென்ட். இரண்டே இதழில் பெயர் மாறி, 17-ஆம் இதழிலிருந்து ‘மாஸ்டர் ஆஃப் குங்ஃபூ’ ஆகி, 1983 ஜூன் தேதியிட்ட 125-ஆம் இதழ்வரை வந்தது.

காலத்தையும் கவனியுங்கள். புரூஸ் லீ 1973 ஜூலை 20-இல் இறந்தார். ‘என்டர் த டிராகன்’ ஆகஸ்டில் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தது. காமிக்ஸ் அட்டையில் போடும் மாதம் உண்மையான விற்பனைக்கு இரண்டு மூன்று மாதம் பிந்தியதாகவே இருக்கும் என்பதால், அந்தப் படம் ஓடிக்கொண்டிருந்த நாட்களையொட்டியே ஷாங்-சியும் கடைகளில் தொங்கியிருக்கிறான். புரூஸ் லீ அலை அடித்து ஓய்ந்தபின் வந்த நகல் என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியில்லை. அலை எழும்போதே கூட எழுந்த கதை இது. அலை வடிந்தபிறகும் பத்தாண்டு நின்றது. ஏறத்தாழ அதே சமயத்தில், 1974 மே தேதியிட்ட ‘மார்வெல் பிரீமியர்’ 15-ஆம் இதழில் ராய் தாமஸும் கில் கேனும் உருவாக்கிய அயர்ன் ஃபிஸ்ட் என்ற இன்னொரு குங்ஃபூ நாயகனும் அறிமுகமானான். அவன் தனி இதழ் 15-ஐத் தாண்டவில்லை. பிறகு லூக் கேஜ் என்ற வேறொரு மார்வெல் நாயகனோடு ஜோடி சேர்த்துத்தான் காப்பாற்றினார்கள். ஷாங்-சிக்கு அந்த நிலை வரவில்லை.

இப்போது கோளாறுக்கு வருகிறேன். ஃபூ மாஞ்சு சும்மா ஒரு வில்லன் இல்லை. சீனர்கள் மேற்குலகை விழுங்க வருகிறார்கள் என்ற இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்துப் பீதிக்கு முகமும் மீசையும் வைத்துச் செய்த உருவம் அது. அந்த உருவத்தை அப்படியே தூக்கிவந்து கதாநாயகனின் தந்தையாக உட்கார வைத்தார்கள். முதல் இதழின் கதையைச் சொன்னால் புரியும். ஹோனானில் தந்தையின் கோட்டைக்குள் வெளியுலகம் தெரியாமல் வளர்ந்த பையன் ஷாங்-சி. தந்தை உலக நன்மைக்காக உழைக்கும் மகான் என்று நம்புகிறான். லண்டனுக்குப் போய் டாக்டர் பெட்ரி என்ற தீயவனைக் கொன்றுவிட்டு வா என்கிறார் தந்தை. போகிறான், உறங்கும் கிழவரைக் கொல்கிறான். பிறகு சர் டெனிஸ் நேலாண்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேயர் அவனை எதிர்கொண்டு, உன் தந்தை யார் தெரியுமா என்று சொல்கிறார். நியூயார்க்கில் இருக்கும் தாயும் அதை ஆமோதிக்கிறாள். தந்தையிடம் திரும்பிப்போய், இனி நான் உங்கள் எதிரி என்கிறான். கொல்லப்பட்டது உண்மையான பெட்ரி இல்லை என்று பிற்பாடு மாற்றிச் சொன்னார்கள். எனக்கு அந்த மாற்றம் பிடிக்கவில்லை. ஒரு கொலையில் தொடங்கும் குற்றவுணர்வுதானே அவனை வேறு மாதிரி ஆளாக்கியது?

இந்தக் கதையின் எலும்புக்கூட்டைப் பாருங்கள். சீனத் தந்தை பொய் சொல்கிறார், வெள்ளைக்காரர் உண்மை சொல்கிறார், மகன் கட்சி மாறி பிரிட்டிஷ் உளவுத்துறைக்கு வேலை செய்கிறான். போதாததற்குத் தாய் வெள்ளை அமெரிக்கப் பெண். நல்லவனாக இருக்க அவனுக்குப் பாதி வெள்ளை ரத்தம் தேவைப்பட்டதோ என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு வழியில்லை. படைத்தவர்கள் அப்படி நினைத்துச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பக்கத்தில் இருப்பது அதுதான்.

வண்ணம் இன்னும் மோசம். அன்றைய அச்சில் மஞ்சள், சிவப்பு, நீலம் மூன்றும் மூன்று அடர்த்திப் புள்ளிகளில் கிடைக்கும். வெற்றிடத்தையும் சேர்த்தால் மொத்தம் 64 கலவைகள். வெள்ளையர் தோலுக்கு மெல்லிய மஞ்சளும் மெல்லிய சிவப்பும் சேர்ந்த கலவை. சீனர் என்றால் மஞ்சளைக் கூட்டுவது வழக்கம். ஷாங்-சி ஒருவகை ஆரஞ்சாகத் தெரிவான், ஃபூ மாஞ்சுவோ எலுமிச்சை மஞ்சளில் இருப்பார். தொழில்நுட்பம் அனுமதிக்கவில்லை என்று சிலர் வாதாடுவார்கள். அதே 64 கலவைக்குள் இயல்பான தோல் நிறம் இருந்தது. யாரும் எடுக்கவில்லை, அவ்வளவுதான். ஒன்று கவனியுங்கள்: பழைய இதழ்களின் செய்தித்தாள் காகிதம் மையை உறிஞ்சி நிறத்தை மங்கலாக்கிவிடும். இன்றைய மறுபதிப்புகளின் வழவழப்பான வெள்ளைத் தாளில் அதே மஞ்சள் கண்ணைக் குத்தும். முதன்முறை திறப்பவர்கள் அதிர்ந்துபோவதில் இந்தத் தாளுக்கும் பங்குண்டு.

அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் இருந்தார்கள், யாருக்கும் தோன்றவில்லை என்ற சமாதானத்தையும் ஏற்காதீர்கள். வில்லியம் எஃப். வூ என்ற சீன அமெரிக்க வாசகர் அப்போதே இந்தத் தொடரின் வாசகர் பகுதிக்கு விடாமல் எழுதினார். கதையை நேசித்துக்கொண்டே அதன் சித்திரிப்பைக் கண்டித்தார். அவர் பின்னாளில் அறிவியல் புனைகதை எழுத்தாளரானார். அமெரிக்கப் புனைகதையில் இந்த மஞ்சள் பீதி எப்படி வளர்ந்தது என்பதை ஆராய்ந்து 1982-இல் ஒரு நூலும் வெளியிட்டார். அந்தக் கடிதப் பக்கங்கள் இருக்கும் பதிப்பு கிடைத்தால் விடாதீர்கள். நேசித்துக்கொண்டே கண்டிக்க முடியும் என்பதை உங்களுக்கும் எனக்கும் அரை நூற்றாண்டு முன்பே செய்து காட்டியவர் அவர்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஏன் படிக்கச் சொல்கிறேன்? கடன் வாங்கிய சரக்கை வைத்துக்கொண்டு தொடங்கியவர்கள், இதழ் இதழாக அதைத் தங்கள் சொந்தமாக்கிக்கொண்ட கதை இது. அந்த மாற்றம் உங்கள் கண் முன்னே நடக்கும்.

எங்கல்ஹார்ட்டும் ஸ்டார்லினும் சீக்கிரமே விலகிவிட்டார்கள். ஸ்டார்லினை நீங்கள் வேறு வகையில் அறிவீர்கள், தானோஸை உருவாக்கியவர். அவர்கள் போட்ட அடித்தளத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இரண்டாவது கதை. 16-ஆம் இதழில் மிட்நைட் என்ற வளர்ப்புச் சகோதரனை ஃபூ மாஞ்சு அனுப்புகிறார். சிறுவயதில் ஒன்றாக விளையாடியவர்கள் கட்டி முடிக்காத கட்டடம் ஒன்றின் உயரத்தில் மோதுகிறார்கள். கடைசியில் மிட்நைட்டின் மேலங்கி கிரேனின் கொக்கியில் மாட்டிக்கொள்ள, கழுத்து முறிந்து சாகிறான். ஷாங்-சி அடித்துக் கொல்லவில்லை; காப்பாற்றவும் முடியவில்லை. வென்றவன் முகத்தில் வெற்றி இல்லை. இந்தத் தொடர் போகப்போகிற திசை அந்தப் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

1974-இல் எழுத்துப் பொறுப்பு டக் மென்ச்சிடம் வந்தது. 1983 தொடக்கம்வரை, ஏறக்குறைய நூறு இதழ்கள், அவர்தான் எழுதினார். ஒரே கதாபாத்திரத்தோடு ஓர் எழுத்தாளர் அத்தனை ஆண்டுகள் இருப்பது அன்றைய மார்வெலில் அரிது. அதன் பலன் தெரிகிறது. லெய்கோ வூ என்ற உளவாளிப் பெண், பிளாக் ஜாக் டார் என்ற முரட்டு மனிதர், ஜேம்ஸ் பாண்டின் மகனோ என்று சந்தேகப்பட வைக்கும் கிளைவ் ரெஸ்டன் எல்லாரும் ஆண்டுக்கணக்கில் வளர்கிறார்கள், சண்டை போட்டுக்கொள்கிறார்கள், பிரிகிறார்கள், சேர்கிறார்கள். முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவி படித்து வளர்ந்தவர்களுக்கு இந்த உளவுலகம் அந்நியமாக இருக்காது. அதே பிரிட்டிஷ் வாசனை, அதே விசித்திரக் கருவிகள், தீவுக்குள் ஒளிந்திருக்கும் பைத்தியக்கார வில்லன்கள். ஆனால் மாயாவி கதையில் கிடைக்காத ஒன்று இங்கே உண்டு: இந்த வேலையை நான் ஏன் செய்கிறேன் என்று நாயகன் தன்னையே கேட்டுக்கொண்டிருப்பது. வஞ்சகமும் சாவும் கலந்த விளையாட்டு என்று உளவு வேலையை அவன் வெறுக்கிறான். பலமுறை விலகுகிறான். தந்தையின் கருவியாக இருந்தவன் இப்போது வேறொருவரின் கருவியாகிவிட்டோமோ என்று யோசிக்கிறான். முதல் இதழின் அந்த எலும்புக்கூட்டுக்கு மென்ச் கொடுத்த பதில் இதுதான் என்று நான் நினைக்கிறேன். ஆங்கிலேயர் பக்கம் சேர்ந்ததை ஒரு முடிவாக வைக்காமல், அதையே ஒரு பிரச்சினையாக்கினார். அவர் திட்டமிட்டுச் செய்தாரா, எழுத எழுத அவருக்கே தெளிந்ததா என்பது என் ஊகத்துக்கு அப்பாற்பட்டது.

மென்ச்சிடம் குறையும் உண்டு. வார்த்தை அதிகம். ஷாங்-சி தன் கதையைத் தானே சொல்கிறான். நிலா, நீர், நிழல், மௌனம் என்று கட்டத்துக்குக் கட்டம் பேசிக்கொண்டே இருப்பான். மௌனத்தைப் பற்றி அத்தனை வரிகள் எழுதினால் மௌனம் எங்கே இருக்கும்? இரண்டு மூன்று இதழ்களை ஒரே மூச்சில் படித்தால் திகட்டும். ஒரு நாளைக்கு ஒன்று போதும்.

இனி என் துறைக்கு வருகிறேன். பால் குலேசி 18-ஆம் இதழில் முதன்முதலாக இந்தத் தொடரை வரைந்தபோது அவருக்கு இருபது வயது. ஆரம்பப் பக்கங்களில் அது தெரியும். கைகள் விறைத்து நிற்கும், முகங்கள் புகைப்படத்தைப் பார்த்து எடுத்ததுபோல் இருக்கும். 29-ஆம் இதழுக்கு வரும்போது வேறு ஆளாகிவிட்டார். அவருடைய ஷாங்-சி அப்பட்டமாக புரூஸ் லீ. ரெஸ்டனின் முகத்தில் ஷான் கானரி. மற்றப் பாத்திரங்களிலும் பழைய ஹாலிவுட் முகங்கள் எட்டிப்பார்க்கும். இதை நகல் என்று குறை சொல்லலாம். ஆனால் அவர் சினிமாவிலிருந்து எடுத்தது முகங்களை மட்டும் இல்லை, வெட்டும் முறையையும்தான்.

புதிதாக வரைபவர்கள் சண்டைக் காட்சியில் செய்யும் முதல் வேலை, முஷ்டி முகத்தில் படும் கணத்தை வரைவது. சுற்றி ஒரு வெடிப்பு, பெரிய எழுத்தில் ஒரு சத்தம். பக்கம் முழுக்க இப்படி ஆறு கணம் இருந்தால் ஆறும் ஒரே எடையில் விழும், எதுவும் வலிக்காது. குலேசி அடிக்கு முந்தைய கணத்தையும் பிந்தைய கணத்தையும் வரைவார். குதிகாலில் எடை இறங்குவது, இடுப்பு திரும்பத் தொடங்குவது, எதிராளியின் கண் மட்டும் நகர்வது, இவை ஒல்லியான செங்குத்துக் கட்டங்களில் வரிசையாக வரும். பிறகு ஓர் அகலக் கட்டத்தில் எதிராளி ஏற்கெனவே காற்றில் இருப்பான். அடி விழுந்தது இரண்டு கட்டத்துக்கு நடுவே இருக்கும் வெள்ளை இடைவெளியில். அதை வரைந்தது நீங்கள்தான், உங்கள் மனத்தில். மிருதங்கத்தில் அடிக்கும் அடிக்கும் நடுவே விடும் இடம்தான் தாளத்தை நிலைநிறுத்துகிறது என்பார்கள், அதுபோலத்தான் இதுவும்.

38, 39-ஆம் இதழ்களில் வரும் ஷென் குவேய் சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். ஹாங்காங்கில் நடக்கும் கதை. பூனை என்று பெயரெடுத்த ஷென் குவேய் திறமையில் ஷாங்-சிக்கு நிகரானவன், ஒருவகையில் அவனுடைய பிரதிபிம்பம். இருவருக்கும் தனிப்பட்ட பகை கிடையாது, ஒருவரையொருவர் மதிக்கிறார்கள். மற்றவர்களின் பொய்களுக்காக மோத வேண்டியிருக்கிறது. இந்தச் சண்டையில் யார் வெல்லவேண்டும் என்று வாசகருக்கே தெரியாமல் போய்விடும். அந்த நிலைக்கு ஒரு குங்ஃபூ காமிக்ஸ் நம்மைக் கொண்டுவர முடியும் என்று அதற்கு முன் நான் நினைத்ததில்லை. முழங்கைக்குக் கீழே கைக்குப் பதில் எஃகு வாள் பொருத்திக்கொண்ட ரேஸர்-ஃபிஸ்ட் போன்ற பகட்டான வில்லன்கள் 29, 30-இல் வருவார்கள், அவர்களும் சுவைதான். ஆனால் இந்தத் தொடரின் தரம் பூனைக் கதையில்தான் பிடிபடும்.

அதில் வருவது உண்மையான குங்ஃபூவா என்று கேட்டிருந்தீர்கள். முதல் இதழிலேயே ஒரு சுமோ மல்லன் காவல் நிற்கிறான். ஷாங்-சி போட்டிருக்கும் சிவப்பு உடை ஜப்பானிய ஜூடோ, கராத்தே பள்ளிகளில் உருவான கீ வகை. சீனத்தில் பிறந்தது இல்லை. அவன் சுழற்றும் நன்சாக்கு, அதாவது சங்கிலியால் இணைத்த இரட்டைக் கோல், ஜப்பானின் ஒகினாவாவோடு சேர்த்துச் சொல்லப்படும் ஆயுதம். அதை உலகமெங்கும் பரப்பியது புரூஸ் லீயின் படங்கள். கிழக்கு என்று எண்ணிய எல்லாவற்றையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டியிருக்கிறார்கள் என்பது நிச்சயம். குறிப்பிட்ட சீனப் பள்ளி எதையேனும் ஒழுங்காகப் பின்பற்றி வரைந்திருக்கிறார்களா என்றால், வரைபவனாக எனக்குத் தெரிவது சினிமாத் திரையின் தடம் மட்டும்தான். பயின்றவர்கள் யாராவது இங்கே இருந்தால் சொல்லலாம். ஆனால் போலி என்ற சொல்லை நான் ஏற்கமாட்டேன். குலேசியும் அவருக்குப் பின் வந்த மைக் ஜீக்கும் வரைந்த உடல்களில் எடை இருக்கிறது. உதைக்கும் காலைவிட ஊன்றிய காலைக் கவனித்து வரைந்திருக்கிறார்கள். தரையில் ஒரு கால் நிற்கிறது, அந்தக் கால் முழு உடலையும் தாங்குகிறது என்று நாம் நம்புகிறோம். பறக்கும் நாயகர்களை வரைந்து பழகிய அன்றைய அமெரிக்க காமிக்ஸில் இது சாதாரணமாகக் கிடைத்த ஒன்று இல்லை. ஷாங்-சிக்கு மந்திர சக்தி கிடையாது, வெறுங்காலோடு நிற்கிறான். அந்த வெறுங்கால் தரையில் பதியாவிட்டால் கதையே நிற்காது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

குலேசி 50-ஆம் இதழோடு விலகினார். அந்த இறுதிக் கதைத்தொடரில், 45 முதல் 50 வரை, மென்ச் ஒரு புதுமை செய்தார்: ஒவ்வோர் இதழையும் வேறொரு பாத்திரம் சொல்லும்படி எழுதினார். அதுவரை ஷாங்-சியின் கண்வழியே பார்த்த கூட்டாளிகளை அவர்களுடைய குரலிலேயே கேட்கிறோம், ஷாங்-சியை வெளியிலிருந்து பார்க்கிறோம். அதன்பின் சில இதழ்கள் தளர்வானவை, வேகமாகப் புரட்டலாம். ஜீக் வந்தபின் மீண்டும் சூடு பிடிக்கும். பிற்பாடு ‘சீக்ரெட் வார்ஸ்’ வரைந்து பெயர் பெற்ற அதே ஜீக்தான். இங்கே அவர் கோடு இன்னும் இளசு, தெளிவு.

ஆனால் என் மனம் தங்கியிருப்பது ஜீன் டேவிடம். கனடாக்காரர். ஜீக்கின் பென்சில் கோடுகளுக்கு மை போட்டுவந்தவர், 102-ஆம் இதழிலிருந்து தானே வரையத் தொடங்கினார். அவர் அடிக்கடி செய்யும் ஒன்றைச் சொல்கிறேன். ஒரு மண்டபத்தின் பின்னணியை இரண்டு பக்கமும் நிறையும்படி ஒரே படமாக வரைவார். தூண்கள், படிக்கட்டு, கூரை எல்லாம் ஒரே பார்வைக் கோணத்தில். அதன்மேல் சதுரமாகக் கோடு கிழித்துப் பல கட்டங்களாக வெட்டுவார். கட்டடம் அசையாமல் நிற்க, ஒவ்வொரு கட்டத்திலும் ஷாங்-சி மட்டும் வேறு இடத்தில் இருப்பான்: படியின் மேலே, படியில் பாதியில், தூணுக்குப் பின்னால், பாய்ச்சலில். மண்டபத்தை ஒரே பார்வையில் பார்க்கிறீர்கள், நேரம் மட்டும் கட்டம் கட்டமாக நகர்கிறது. இந்த உத்தியை அவர் கண்டுபிடிக்கவில்லை. அவருக்கு முன்னும் பலர் செய்திருக்கிறார்கள். ஆனால் இத்தனை பொறுமையாக, ஒவ்வொரு செங்கல்லையும் விடாமல், மாதாமாதம் கெடுவுக்குள் செய்தவர்கள் குறைவு. 1982 செப்டம்பரில் மாரடைப்பில் இறந்தார். வயது 31. அவர் கடைசியாக வரைந்த பக்கங்களை மாணவர்களுக்குக் காட்டும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

மென்ச்சும் டேயும் சேர்ந்து செய்த 118-ஆம் இதழில் ஃபூ மாஞ்சு சாகிறார். 1973-இல் ஒரு கடன்வாங்கிய வில்லனாகத் தொடங்கியவர், அதற்குள் வேறொன்றாகியிருந்தார். மஞ்சள் நிறமும் நீள நகமும் போகவில்லை. ஆனால் மகனை ஆள நினைக்கும் தந்தை, தந்தையை வெறுத்தும் அவரைத் தன் ரத்தத்தில் சுமக்கும் மகன் என்ற கதை அந்த முகமூடியைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. 2021 படத்தில் டோனி லியூங் நடித்த தந்தை வென்வூ உங்களுக்குப் பிடித்திருந்தால் அதற்கு வேர் இங்கேதான் என்பது என் கருத்து. படம் எடுத்தவர்கள் ஃபூ மாஞ்சு என்ற பெயரையும் உருவத்தையும் விட்டுவிட்டு அந்தத் தந்தை மகன் முடிச்சை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். சரியான முடிவு. ஆனாலும் மூலக்கதையில் அந்த முடிச்சும் அந்த விஷ உருவமும் ஒன்றாகவே கட்டப்பட்டிருக்கின்றன. ஒன்றைப் பிரித்து ரசித்துவிட்டு மற்றதைக் காணாததுபோல் இருக்க முடியாது என்று தொடக்கத்தில் சொன்னது இதனால்தான்.

ஏன் இத்தனை காலம் இது யார் கண்ணிலும் படவில்லை என்றும் கேட்டிருந்தீர்கள். காரணம் எளியது. ஃபூ மாஞ்சு உரிமை மார்வெலின் கையைவிட்டுப் போனது. அவரில்லாமல் இந்தக் கதைகளை மறுபதிப்புச் செய்ய முடியாது, அவரோடு செய்ய அனுமதியில்லை. அதனால் பல பத்தாண்டுகள் பழைய இதழ்களைச் சேகரிப்பவர்களிடம் மட்டுமே இருந்தது. புதிய கதைகளில் தந்தைக்கு ஷெங் சூ என்று வேறு பெயர் வைத்துச் சமாளித்தார்கள். 2016-இல் உரிமைச் சிக்கல் தீர்ந்து, நான்கு பெருந்தொகுப்புகளாக முழுத் தொடரும் வந்தது. பிறகு ‘எபிக் கலெக்‌ஷன்’ வரிசையில் மெல்லிய அட்டைப் பதிப்புகளும் வந்தன. 2020-இல் ஜீன் லூயென் யாங் என்ற சீன அமெரிக்க எழுத்தாளர் ஷாங்-சியை மறுபடி எழுதத் தொடங்கினார். பழையதைப் படித்தபின் அதையும் படியுங்கள். அதே குடும்பத்தை உள்ளிருந்து எழுதினால் எப்படி இருக்கும் என்று தெரியும்.

எங்கிருந்து தொடங்குவது? முதல் தொகுப்பிலிருந்து வரிசையாகப் படிக்கவேண்டாம். ஆரம்ப இதழ்கள்தான் இருப்பதிலேயே பலவீனமானவை, மஞ்சள் பூச்சும் அங்கேதான் அதிகம் உறுத்தும்; பலர் அங்கேயே மூடி வைத்துவிடுகிறார்கள். 15, 16 இரண்டையும் மட்டும் படித்து அடித்தளத்தைத் தெரிந்துகொண்டு நேராக 29-க்குப் போங்கள். எபிக் வரிசையின் இரண்டாம் தொகுதி அங்கிருந்துதான் தொடங்குகிறது. 50-ஆம் இதழ்வரை குலேசியின் முக்கியமான கதைகள் எல்லாம் அதற்குள் அடங்கும். அதிலும் 38, 39 படித்த பிறகும் உங்களுக்கு ஒட்டவில்லை என்றால் தொடர வேண்டியதில்லை, மீதியும் ஒட்டாது. ஒட்டினால் 83 முதல் 89 வரை உள்ள ஃபூ மாஞ்சு கதை, அப்புறம் டேயின் 102-லிருந்து 120 வரை. மென்ச் 122-ஓடு விலகிவிட்டார். அதற்குப் பிறகு வருபவற்றையும் முடிவு தெரியவேண்டும் என்ற ஆசையில் நான் படித்தேன். உங்களுக்கு அந்த ஆசை இல்லையென்றால் 122-ஓடு நிறுத்திக்கொள்ளலாம்.